கம்பளியும் தோட்டத் தொழிலாளரும்: ஒரு பொருளின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் பெருந்தெருவிலே அவிசாவளையைக் கடந்ததும் வருவது எஹலியகொட. ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழைபெறும் ஈரவலயப் பகுதி இது. இறப்பரும் தாழ்நிலத் தேயிலையும் இங்குள்ள தோட்டங்களின் பயிர்களாகும். இப்பகுதித் தோட்டமொன்றின் லயத்திலே முதிய பெண்மணியொருவர் தமது றங்குப்பெட்டியின் அடியிலிருந்து கறுப்புக் கம்பளியொன்றை எடுத்து நமக்குக் காட்டினார். ஓரங்கள் நைந்து, மடிப்புகளில் ஓட்டை விழுந்திருந்த அக்கம்பளி அவருடைய மாமியார் தலவாக்கலைப் பக்கத்திலே கொழுந்தெடுத்த காலத்துக்குரியது. “தொரை குடுத்த கம்பளிங்க” என்று அவர் சொன்னார்.

‘குடுத்த’ என்னும் அவ்வினைச்சொல்லே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி. யார் கொடுத்தார்? எதிலிருந்து கொடுத்தார்? ஆட்டை வளர்த்தவர் யார், மயிரைக் கத்தரித்தவர் யார், நூற்றவர் யார், நெய்தவர் யார்? ஒரு பொருளைக் கொடுத்தவரின் பெயர் மட்டும் நினைவில் நின்று, அதனை ஆக்கியவர்களின் பெயரும் அதற்கு விலைசெலுத்தியவரின் உழைப்பும் மறைந்துபோவது தற்செயலான நிகழ்ச்சியன்று. அது குறிப்பிட்ட உற்பத்தி உறவுகளின் விளைவு. இதனை விளக்குதலே நமது நோக்கமாகும்.

1. ஆடும் நிலமும்

எஹலியகொடவிலே கம்பளி ஆடு இல்லை. இருந்ததற்கான சூழலும் இல்லை. இடையறாத ஈரம் செம்மறியின் குளம்பை அழுகச் செய்யும்; ஈரப் புல்வெளி குடற்புழுக்களைப் பெருக்கும். தோட்ட லயங்களையொட்டி மாடும் வெள்ளாடும் வளர்ப்பதுண்டு. ஆயின் அவை பாலுக்கும் இறைச்சிக்கும் எருவுக்கும் உரியவை. இலங்கையிலே செம்மறி தழைப்பது யாழ்ப்பாணம் முதலான வரண்ட பகுதிகளிலாகும். அங்குள்ள செம்மறியின் உடலிலும் இருப்பது குட்டையான மயிரேயன்றி நூற்பதற்குரிய கம்பளி மயிர் அன்று.

இவ்வேறுபாடு முக்கியமானது. செம்மறிகள் யாவும் கம்பளி தருவன அல்ல. தமிழ்நாட்டிலும் இராமநாதபுரம் வெள்ளை, மேச்சேரி, வேம்பூர், கீழக்கரிசல் ஆகிய இனங்கள் மயிராடுகளே. கம்பளி தருவன கோயம்புத்தூர்க் குறும்பை, திருச்சி கறுப்பு, நீலகிரி ஆகிய இனங்களாகும். இவற்றுள் நீலகிரி இனம் 19ஆம் நூற்றாண்டிலே மெறினோ முதலிய மேலைநாட்டு ஆடுகளோடு கலந்து உருவானது. அதன் மயிர் மென்மையானது. ஏனைய இரண்டின் மயிரும் தடித்தது. உடுப்புக்கு உதவாது, போர்வைக்கே ஏற்றது. ஓராட்டிலிருந்து ஆண்டொன்றுக்குக் கிடைக்கும் மயிர் ஒரு கிலோவையும் எட்டுவதில்லை. ஆதலின் ஒரு கம்பளியின் பின்னால் ஆட்டுமந்தை ஒன்றும் அதனை மேய்த்தவரின் பல மாத அலைச்சலும் உண்டு என்பதை மனங்கொள்ள வேண்டும்.

2. இலக்கியத்திலே இடையனும் மயிராடையும்

தமிழிலக்கியம் இத்தொழிலை முற்றாக அறியாததன்று. சிலப்பதிகாரம் புகார் நகரைக் கூறுமிடத்து, பட்டினாலும் மயிரினாலும் பருத்தி நூலினாலும் நுண்வினை செய்யும் காருகரின் இருக்கையைக் குறிப்பிடுகின்றது. மதுரையின் அறுவை வீதியிலும் மயிராடைக்கு இடமுண்டு. ஆனால் இவை நகரத்து வணிகச் சரக்குகள். ஆட்டை மேய்த்தவன் எதை உடுத்தான் என்பது வேறு கேள்வி.

நற்றிணையின் 142ஆம் பாடல் இதற்கு விடை தருகின்றது. இடைக்காடனார் பாடிய அச்செய்யுளிலே, பால் விற்கும் இடையன் முதுகிலே ஓலைப்பாயை இட்டுக்கொண்டு, மழைத்தூவல் ஒருபுறத்தை நனைக்க, கோலை ஊன்றித் தனித்து நின்று சீழ்க்கையடித்து ஆட்டை மடக்குகிறான். முல்லைத்திணையின் அழகிய காட்சியாக இதனை நமது உரையாசிரியர்களும் பேராசிரியர்களும் போற்றியுள்ளனர். நாமோ அந்த ஓலைப்பாயைக் கவனிக்கிறோம். நகரத்து வீதியிலே மயிராடை விற்பனைக்கு அடுக்கப்பட்டிருக்கும் இலக்கிய உலகிலேயே ஆட்டின் பக்கத்தில் நிற்பவன் ஓலையைப் போர்த்து நனைகிறான். இவ்விரு காட்சிகளும் ஒரே காலத்தவை அல்ல, ஒரே நூலுக்குரியனவும் அல்ல. எனினும் இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது, உற்பத்தியாளனுக்கும் உற்பத்திப் பொருளுக்கும் இடையே விழக்கூடிய பிளவு புலனாகின்றது. திணைகள் இயற்கைப் பாகுபாடு மட்டுமல்ல, சமனற்ற வளர்ச்சியுடைய பொருளாதார வாழ்வுகளுமாகும் என்பதைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் வெளிவந்த தமது திணைக்கோட்பாட்டுக் கட்டுரையில் எடுத்துக்காட்டினார். முல்லையை அவ்வாறு நோக்கினாலன்றி இடையனின் முதுகு நமக்குத் தெரியாது.

3. கம்பளி ஆக்கப்படும் முறை

‘கம்பளி’ என்னும் சொல் வடமொழிக் ‘கம்பள’ என்பதனடியாக வந்தது. கம்பளி மயிருடைய ஆட்டைத் தமிழ் ‘குறும்பாடு’ என வழங்கும். அதனை வளர்த்து, அதன் மயிரை நெய்யும் தொழிலைத் தமிழ்நாடு, கருநாடகம், ஆந்திரம் ஆகியவற்றின் எல்லைப்புறங்களிலே நெடுங்காலமாகச் செய்துவந்தோர் குறும்பர் அல்லது குருபர் எனப்படும் சமூகத்தார். 1800–1801இல் மைசூர், கோயம்புத்தூர்ப் பகுதிகளிலே பயணஞ்செய்த பிரான்சிஸ் புக்கானனும், 1909இல் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளை வெளியிட்ட எட்கார் தர்ஸ்டனும் இவர்களது ஆடுவளர்ப்பையும் நெசவையும் பதிவு செய்துள்ளனர்.

ஆட்டை முதலிலே நீர்நிலையில் இறக்கிக் கழுவுவர். உலர்ந்த பின் கத்தரியால் மயிரைக் கொய்வர். வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை இது நிகழும். கொய்த மயிரை நிறம்பிரித்து, வில்லின் நாணால் அடித்துப் பஞ்சாக்குவர். நூற்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. நூற்ற இழையைப் பாவாக நீட்டி, புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசையைத் தடவி உறுதிப்படுத்துவர். குழித்தறியிலே நெய்யப்படும் துணி அகலங் குறைந்ததாதலால் இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைத்துக் கம்பளியாக்குவதுண்டு. கறுப்பாட்டு மயிருக்குச் சாயம் தேவையில்லை. தோட்டத்துக் கம்பளிகளின் கறுமைக்குக் காரணம் அந்த ஆட்டின் நிறமே.

இத்துணி மழையைத் தாங்குவது எவ்வாறு? கம்பளி இழையின் மேற்புறம் செதில்செதிலானது. அதன்மேல் ஆட்டின் உடலிலிருந்து சுரக்கும் கொழுப்பு படிந்திருக்கும். ஆலையிலே இக்கொழுப்பு முற்றாகக் கழுவப்படும். கைத்தொழிலிலோ ஒரு பகுதி எஞ்சிநிற்கும். நீர்த்துளி அதன்மேல் உருண்டோடும். நீராவியை இழை தன்னுள் ஈர்த்துக்கொள்ளும். தன் எடையின் மூன்றிலொரு பங்களவு ஈரத்தை ஏற்றும் தொடுகைக்கு ஈரமாகத் தோன்றாது. ஈரத்தை ஈர்க்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். நாள் முழுதும் நனைந்து நிற்கும் உடலுக்கு இதனிலும் ஏற்ற துணி அக்காலத்திலே வேறில்லை. கம்பளியின் பயன்பெறுமதி இதுவாகும்.

4. பயன்பெறுமதியும் பற்றுக் கணக்கும்

மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் பாகத்தின் தொடக்கத்திலே பண்டத்தின் பெறுமதியை விளக்க எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு 20 யார் லினன் துணியும் ஒரு மேலங்கியுமாகும். அங்கி குளிரைத் தடுக்கும் என்பது அதன் பயன். சந்தையிலே அது மற்றொரு பொருளுக்கு ஈடாக நிற்கும்போது, அதனுள் உறைந்துள்ள உழைப்பு கண்ணுக்கு மறைந்துவிடுகின்றது. நமது கம்பளியும் அவ்வாறே. கிராமத்திலே தானியத்துக்கு மாற்றப்பட்ட கம்பளி, கடல்கடந்து தோட்டத்துக்கு வந்தபோது வேறொரு சமூக உறவைத் தாங்கி வந்தது.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கப்பட்ட மாவட்டங்களை நோக்குக: திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை. இவற்றுள் திருச்சியும் சேலமும் கம்பளி ஆட்டின் நிலங்களுமாகும். மானாவாரி நிலத்தின் மேய்ச்சற்காரனும் அதே நிலத்தின் கூலியாளும் ஒரே பஞ்சத்தை அனுபவித்தவர்கள். 1876–78இன் பெரும் பஞ்சம் இருவரையும் தாக்கியது. ஒருவனது மயிர் போர்வையாகியது. மற்றவனது உடல் உழைப்புச் சக்தியாகியது. இரண்டும் தோட்டத்திலே சந்தித்தன. ஆனால் அவ்விரு மனிதரும் சந்திக்கவில்லை.

கங்காணி ஆள் சேர்க்கும்போது கொடுத்த முற்பணம், வழிச்செலவு, அரிசி, துணி ஆகியன தொழிலாளியின் கணக்கிலே பற்றாக எழுதப்பட்டன. கம்பளியும் இவ்வரிசையிலே சேர்ந்தது. தோட்டத்து ஆங்கிலத்திலே ‘கம்ப்ளி’ என்றே அது வழங்கியது. 1886இல் வெளிவந்த ‘ஹொப்சன்–ஜொப்சன்’ அகராதியும் அச்சொல்லைப் பதிந்துள்ளது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குத் தொழிலாளியின் கடனை மாற்றிய துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, இத்தகைய பற்றுகளின் கூட்டுத்தொகையே அவரைக் கட்டிப்போட்ட கயிறாக இருந்தது. குளிரைத் தடுத்த அதே துணி கடனை வளர்த்தது. ‘துரை கொடுத்த கம்பளி’ என்பதன் உண்மைப் பொருள், தொழிலாளி தமது கூலியை முன்கூட்டியே துணியாகப் பெற்றார் என்பதாகும். பிற்காலத்திலே சில தோட்டங்கள் கம்பளியை இலவசமாக வழங்கியிருப்பினும், குறைந்த கூலியின் பின்னணியிலே அதனைக் கொடை என்று கொள்வதற்கில்லை.

இங்கு பரந்த உலக வரலாற்றையும் இணைத்து நோக்குதல் தகும். தோமஸ் மூர் 1516இல் ‘உட்டோபியா’வில், ஆடுகள் மனிதரை விழுங்குவதாக எழுதினார். கம்பளி வணிகத்துக்காக இங்கிலாந்தின் உழவர் நிலத்திலிருந்து துரத்தப்பட்டதை அது சுட்டியது. ஸ்கொத்லாந்தின் சதர்லண்டிலே 1814க்கும் 1820க்கும் இடையில் ஏறத்தாழ 15,000 மக்கள் அகற்றப்பட்டு, 1825 அளவில் அவர்களிடத்தில் 131,000 செம்மறிகள் நின்றன என மார்க்ஸ் கணக்குக் கூறுகிறார். அதே ஸ்கொத்லாந்திலிருந்து வந்தோர் இலங்கைத் தோட்டத்துரைமாரில் கணிசமானோர். 1867இல் லூல்கந்தரவிலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரும் ஸ்கொத்லாந்தினரே. இலங்கையிலே 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் கிராமத்தாரின் காட்டையும் சேனையையும் அரசுடைமையாக்கித் தோட்டத்துக்கு வழிதிறந்தது. ஒரு நாட்டிலே ஆட்டுக்காக மனிதர் அகற்றப்பட்டனர். இன்னொரு நாட்டிலே செடிக்காக நிலம் கவரப்பட்டது. முறை ஒன்றே, பயிரும் விலங்குமே வேறு.

5. மழையும் உழைப்பும்

தேயிலைத் தோட்டத்திலே மழைக்காகக் கொழுந்தெடுப்பு நிற்பதில்லை. கம்பளியை இரண்டாக மடித்து, ஒரு மூலையைத் தலையிலே கவித்துக் கொங்காணியாக இட்டு, அதன்மேல் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு பெண்கள் மலையேறினர். கம்பளி ஒரே நேரத்தில் குடையாகவும், கயிறு நெற்றியை அறுக்காமற் காக்கும் மெத்தையாகவும், இரவிலே பாயாகவும் போர்வையாகவும் பயன்பட்டது. நனைந்த கம்பளி பெரும்பாரம். அது லயத்து அடுப்படியிலே காயவேண்டும். ஒற்றையறையிலே புகையும் ஈரக் கம்பளியின் மணமும் கலந்த அவ்வாழ்வைக் கொழுந்தின் நிறை காட்டும் தராசு காட்டுவதில்லை.

எஹலியகொட போன்ற இறப்பர்ப் பகுதிகளிலே நிலைமை வேறு. இங்கு உயர்மலையின் குளிரில்லை. விடியற்காலையிலே பால்வெட்டு நடைபெறவேண்டும். மரத்தின் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுவாய்க்காலிலே ஒழுங்காக ஓடாது, பக்கமாக வழிந்து வீணாகும். சிரட்டையிலே மழைநீர் கலக்கும். ஈரப் பட்டையிலே அழுகல் நோயும் பற்றும். ஆதலின் மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் வேறு வேலை கிடைத்தாலன்றிப் பெயரும் இல்லை. தேயிலையில் மழை உடலை நனைத்தது. இறப்பரில் அது கூலியை அரித்தது.

இதற்கு விஞ்ஞானம் கண்ட தீர்வு கவனிக்கத்தக்கது. வெட்டும் பகுதிக்கு மேலே மரத்தைச் சுற்றிப் பொலித்தீன் பாவாடை போன்ற மறைப்பைப் பசையால் ஒட்டி, மழைநீரைப் புறத்தே வடியச் செய்வதே அது. ‘மழைக்காப்பு’ எனப்படும் இதனை அகலவத்தையிலுள்ள இறப்பர் ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைத்து வந்துள்ளது. பயனுள்ள முறையே, வெட்டு நாள்கள் கூடுவதால் தொழிலாளிக்கும் வருமான நாள் கூடும். அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் கணக்கேட்டை நோக்குவோம். மரத்துக்குப் போர்த்திய காப்பு முதலீடு என எழுதப்படுகிறது. தொழிலாளிக்குப் போர்த்திய காப்போ கடன் என எழுதப்பட்டது. மரம் உற்பத்திச் சாதனம். அதன் பாதுகாப்பு மூலதனத்தின் செலவு. தொழிலாளியின் உடலும் உற்பத்திக்கு இன்றியமையாததே. எனினும் அதன் பாதுகாப்பு தொழிலாளியின் சொந்தச் செலவு. தோட்ட முறைமையின் முழு அறவியலும் இவ்விரு பதிவுகளுக்கிடையே அடங்கியிருக்கிறது.

6. இரு முனைகளிலும் அழிவு

இன்று கொழுந்தெடுப்போர் பொலித்தீன் தாளையும் பசளைப் பையையும் போர்த்துக்கொள்வதே பெருவழக்கு. இவை எடையற்றவை, மலிவானவை, நீர் புகாதவை. ஆனால் வியர்வையும் வெளியேறாது. உள்ளே உடல் நனையும், குளிரும் தாங்காது. கடலுக்கு அப்பாலும் கம்பளி நெசவு தளர்ந்துவிட்டது. ஆலைப் போர்வையும் செயற்கையிழையும் சந்தையைப் பிடித்தன. தடித்த மயிருக்கு விலையில்லை. இறைச்சிக்காக மயிராட்டினங்கள் பெருகின. மேய்ச்சல் நிலம் சுருங்கியது. கத்தரிக்கும் கூலிக்கும் தேறாத மயிரை மேய்ப்போர் எறிந்துவிடும் நிலையும் தக்காணத்திலே ஏற்பட்டது. கி. ராஜநாராயணனின் ‘கிடை’ ஆட்டுமந்தையைச் சூழ்ந்த கிராமத்தின் சாதி உறவுகளைக் கலையாக்கிக் காட்டிற்று. ஆனால் அந்த மந்தையின் மயிர் எங்கே போயிற்று என்னும் கதையை நமது இலக்கியம் இன்னும் எழுதவில்லை.

சப்பிரகமுவையிலே இவ்வரலாற்றின் சான்றுகள் அருகியமைக்கு வேறொரு காரணமும் உண்டு. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் இன வன்செயல்களிலே இரத்தினபுரி மாவட்டத் தோட்ட மக்களின் லயங்கள் தாக்கப்பட்டன; பலர் வடக்கே வவுனியா முதலிய பகுதிகளுக்குப் பெயர்ந்தனர். உயிரைக் கையிற் பிடித்து ஓடியவர் பழந்துணியைச் சுமந்து செல்வதில்லை. ஆதலினாலேயே றங்குப்பெட்டியில் எஞ்சிய ஒரு கம்பளியை நாம் ஓர் ஆவணமாகக் கருதுகிறோம். அரும்பொருட்சாலையிலே தேயிலை இயந்திரமும் துரையின் தளபாடமும் பேணப்படும்போது, கம்பளியும் கூடைக் கயிறும் பால்வாளியும் அவ்விடத்தைப் பெறாதது வெறும் மறதியன்று.

7. கைவினையை மீட்பது பற்றி

தோட்டப் பெண்களுக்கு ஆடு வளர்ப்பும் கைவினையும் கற்பித்து வருமானம் பெருக்கலாம் என்னும் யோசனை அவ்வப்போது முன்வைக்கப்படுகின்றது. உழைக்கும் கை புதியதொன்றைக் கற்பதை யாரும் வெறுக்கமாட்டார்கள். ஆனால் கைவினை கைத்திறனால் மட்டும் நிற்பதன்று என்பதைக் கம்பளியின் வரலாறு காட்டுகின்றது. குறும்பருக்கு மேய்ச்சல் நிலத்திலே உரிமையோ வழக்காறோ இருந்தவரை நெசவு இருந்தது; அது போனதும் திறன் இருந்தும் தறி நின்றது. தோட்டத் தொழிலாளியின் நிலை அதனினும் கடினமானது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளுக்குச் சென்றது. இம்மாற்றங்கள் எவற்றிலும் நிலம் அதனை உழைத்துப் பண்படுத்தியவரைச் சேரவில்லை. 2015க்குப் பின் வீட்டுத் திட்டத்திலே குடும்பமொன்றுக்கு ஒதுக்கப்பட்ட 7 பேர்ச்சஸ் நிலம் ஒரு முன்னேற்றமே. எனினும் வீடு போக எஞ்சும் இடத்திலே ஆட்டுக்குக் கொட்டில் கட்டலாம், மேய்ச்சல் தேட முடியாது.

இதனால் ஆடு வளர்க்கவேண்டாம் என்பது நமது முடிவன்று. ஈரவலயத்துக்கு ஏற்ற வெள்ளாடும், அதற்குத் தழைதரும் நிலமும், அந்நிலத்துக்கு எழுத்துமூல உரிமையும் ஒருங்கே வரவேண்டும் என்பதே. உரிமையின்றிக் கொடுக்கப்படும் ஆடும், கூலியிலே கழிக்கப்பட்ட கம்பளியின் வழியிலேயே செல்லும். கடன் தீரும்முன் ஆடு விற்கப்படும். கொடுத்தவர் பெயர் மட்டும் நிற்கும்.

இலக்கிய மாணவர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. மலையக இலக்கியத்திலே மழை வரும்போது அதனைச் சூழல் வருணனையாக வாசித்துக் கடந்து செல்லும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அம்மழையிலே நிற்பவர் எதைப் போர்த்திருக்கிறார், அது எவருடைய கணக்கிலே எழுதப்பட்டிருக்கிறது என்னும் வினாவை எழுப்புமிடத்தே திறனாய்வு சமூக விஞ்ஞானமாகின்றது.

நாம் விடைபெறும்போது அம்மூதாட்டி கம்பளியை மீண்டும் மடித்துப் பெட்டியில் வைத்தார். “தொரை குடுத்தது” என்றவர், சற்றுப் பொறுத்து, “மாமி சம்பளத்துல புடிச்சாங்க” என்றும் சொன்னார். நூல்களிலும் அறிக்கைகளிலும் நாம் தேடிய உண்மை அந்த இரண்டாவது வாக்கியத்திலே இருந்தது. அவர் அதனை எப்போதும் அறிந்தே இருந்தார். கேட்பதற்குத்தான் நாம் பிந்திச் சென்றோம்.